உள்ளே சிவப்புப் பூசிய தொட்டி

அந்தத் தீவில், சென்ட்ர் டி ஃப்ளாக் ஊரிலிருந்து கடற்கரைக்குப் போகிற சாலையில், கரும்புக்கு நடுவே செருகி வைத்தாற்போல ஒரு குடியிருப்பு. அங்கே தண்ணீர்க் குழாய் என்பது பேருக்குத்தான். மழை மாதங்களில் ஒழுங்காக வரும். அக்டோபர் பிறந்துவிட்டால் விடியுமுன் கொஞ்சம் சொட்டி, இருமி, நின்றுவிடும். கடலோரத்தில் புதிதாக எழும்பிய ஓட்டல்களில் புல்லுக்குக்கூடத் தண்ணீர் பாய்கிறதே என்று சனங்கள் பொருமுவார்கள். பொருமிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு சுவாமிநாதன் வீட்டுக்கு வருவார்கள்.

அவன் வீட்டில் தொட்டி இருந்தது. சுவாமிநாதன் வேலை பார்த்த சர்க்கரை ஆலை வேண்டாமென்று தள்ளிய பழைய இரும்புத் தொட்டி. கேட்டு வாங்கி, லாரியில் ஏற்றிவந்து, கருங்கல் அடுக்கி மேலே நிறுத்தினான். தகரக் கூரையில் விழுகிற மழையெல்லாம் அதில் இறங்கும். குறை என்று சொன்னால் துரு ஒன்றுதான். வெள்ளைத் துணி துவைத்தால் பழுப்பாகும். தேநீர் ஆணியை ஊறவைத்தது போலிருக்கும்.

கரும்பு அரைக்காத மாதங்களில் ஆலையில் இயந்திரங்களைச் சுரண்டிச் சாயம் பூசுவது வழக்கம். மினியோம் என்று ஒரு சிவப்புச் சாயம். அதைப் பூசிவிட்டால் இரும்பைத் துரு அண்டாது. மிஞ்சிய டப்பாவை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிவந்து, சுவாமிநாதன் தொட்டிக்குள் இறங்கி உட்பக்கம் முழுக்க இரண்டு பூச்சுப் பூசினான். காய்ந்த பிறகு அடுத்த வீட்டு ஆனெத் எட்டிப் பார்த்தாள்.

“ஆயோ! கோயில் மாதிரி இருக்கே, சாமி!”

“எந்தக் கோயில்? உங்க மாதா கோயிலா, எங்க முருகன் கோயிலா?”

“தண்ணி குடுத்தா எந்தக் கோயிலா இருந்தா என்ன!”

அந்த வருஷத்து மழையில் தொட்டி நிரம்பியது. தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. சுவாமிநாதன் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஒரு கிளாஸ் பிடித்துக் கொடுத்து, வெயிலில் தூக்கிப் பார்க்கச் சொன்னான். அவன் மனைவி வேதநாயகிக்கும் நிம்மதி. அவள் வெளிநாட்டுக்குக் கம்பளிச் சட்டை அனுப்புகிற ஆலையில் சட்டைக்குக் கை வைத்துத் தைக்கிறவள். இருட்டோடு பஸ் ஏறினால் இருட்டோடு இறங்குவாள். வீட்டில் தண்ணீர் இருக்கிறது என்பதே அவளுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

மழை நின்று சில மாதங்களில் மகள் செல்வி சாப்பாட்டைத் தள்ளத் தொடங்கினாள். ஐந்து வயதுப் பிள்ளை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பாள். வெளிக்குப் போகாது. முகம் சோற்றுக் கஞ்சி நிறத்துக்கு வந்துவிட்டது. விளையாடக் கூப்பிட்டால் எரிந்து விழுவாள்.

“தாம்பாவ்,” என்றாள் ஆனெத், பிள்ளையின் நாக்கைப் பார்த்துவிட்டு. அந்தத் தீவில் பிள்ளை வாடினாலும், வயிறு நொந்தாலும், தோல் கெட்டாலும் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர்தான். இந்து வீட்டிலும் அதே, கிறிஸ்தவ வீட்டிலும் அதே. மருந்தும் ஒன்றே: பச்சிலைக் கஷாயம். “மூணு கிளாஸ் தண்ணி ஒரு கிளாஸா சுண்டணும், வேதா. அவசரப்பட்டு இறக்கிடாத. எங்க பையன் லிண்ட்சே அதுலதான் பொழைச்சான்.”

வேதநாயகி அவசரப்படவில்லை. பத்து மணி நேரம் நின்ற காலோடு அடுப்படியிலும் நின்று, தொட்டித் தண்ணீரைச் சுண்ட வைத்தாள். பிள்ளையின் மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்தாள். பிள்ளை தேறவில்லை. கஷாயத்தை இன்னும் கெட்டியாக்கினாள்.

ஒருநாள் செல்வி வாந்தி எடுத்து மயங்கி விழ, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே சில நாளில் எழுந்து உட்கார்ந்தாள், ரொட்டி கேட்டாள். எல்லாருக்கும் சந்தோஷம். வீட்டுக்கு வந்ததும், நோய் வேரோடு போகட்டும் என்று மறுபடியும் கஷாயம் வைத்தார்கள். பத்து நாள் தாங்கவில்லை. இந்த முறை கையும் காலும் இழுத்துக்கொண்டன.

டாக்டரம்மா பிள்ளையின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வந்த அன்று வேதநாயகி ஆலையில் அரை நாள் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

“வீட்டுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சீங்களா?”

“எங்க வீட்டுக்கா?” வேதநாயகிக்குச் சிரிப்பு வந்தது. “கல்யாணத்துக்கு அடிச்ச சுண்ணாம்பு, டாக்டர். தண்ணித் தொட்டிக்கு மட்டும் உள்ள மினியோம் அடிச்சார்.”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார்.

“அதுல ப்லோம் இருக்கும்மா. தூண்டில்ல கட்டுவாங்களே, அந்த ஈயம். தண்ணில இறங்கிப் பிள்ளை உடம்புல சேர்ந்திருக்கு.”

“நான் பச்சைத் தண்ணி குடுக்கல, டாக்டர். நல்லா கொதிக்க வச்சு, சுண்ட வச்சுத்தான்...”

“பூச்சி புழுன்னா கொதிச்சா சாகும். ஈயம் எங்க போகும்? தண்ணிதான் ஆவியாப் போகும். மூணு கிளாஸ்ல இருந்தது ஒரு கிளாஸ்ல நிக்கும்.”

வேதநாயகி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை திமிறியதும், மூக்கைப் பிடித்ததும் அவள் விரலிலேயே இருந்தன.

“சரியாயிடுமா?”

“மருந்து ஏத்துறோம். கொஞ்சம் கொஞ்சமா வெளியே வரும். முழுசா பழையபடி ஆகுமான்னு இப்பச் சொல்ல முடியாது. ஒண்ணு மட்டும் கேளுங்க. அந்தத் தொட்டி அங்க இருக்கிறவரைக்கும் பிள்ளைய வீட்டுக்கு விடமாட்டேன். அதுல தண்ணி எடுத்த வீட்டுப் பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க.”

வீட்டுக்கு வந்தபோது வாசலில் வாளி வரிசை நின்றது. குழாய் வராமல் மூன்றாம் நாள். வேதநாயகி கைப்பையைக்கூட இறக்கவில்லை. நேரே தொட்டியின் அடிக்குழாயை முழுக்கத் திறந்து, யாரும் வாளியை நீட்டாதபடி அதன் முன்னால் நின்றுகொண்டாள். தண்ணீர் சடசடவென்று மண்ணில் விழுந்து கரும்புப் பக்கம் ஓடியது.

“பைத்தியம் பிடிச்சிருக்கா உனக்கு?” ஆனெத் வாளியோடு ஓடிவந்தாள். “வாய நனைக்கத் தண்ணி இல்ல, நீ மண்ணுக்கு ஊத்துற!”

“இது வெஷம், ஆனெத். டாக்டர் சொன்னாங்க.”

“நாங்களும் இதத்தான் குடிச்சோம். செத்தா போயிட்டோம்?”

“லிண்ட்சேக்கு வயித்து வலி இல்லையா?”

ஆனெத் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பையன் போன வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் போகாதது தெருவுக்கே தெரியும். மெதுவாக வாளியைக் கீழே வைத்தாள். “அப்ப நான் சொன்ன கஷாயம்...”

“நீ சொன்ன. சுண்ட வச்சது நான். இப்ப அதப் பேசி என்ன? நாளைக்கு அவனயும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

சுவாமிநாதன் ஆலையிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தபோது தொட்டியில் கால்வாசிகூட இல்லை. வாசல் சேறாகக் கிடந்தது. நடந்ததைக் கேட்டான். நம்பவில்லை.

“ஆலை முழுக்க அதத்தான் பூசுறோம். இத்தனை வருஷமா பூசுறோம். எனக்குத் தெரியாதா?”

“மிஷினுக்குத்தானே பூசுறீங்க, பப்பா?” பிள்ளை கூப்பிடுவதுபோல அவளும் அவனை அப்படித்தான் கூப்பிடுவாள். “மிஷினா தண்ணி குடிக்குது?”

அவன் தொட்டியைச் சுற்றிவந்தான். பிறகு கொட்டகைக்குப் போய்ச் சுரண்டுகிற தகட்டை எடுத்துவந்தான்.

“சுரண்டிடுறேன். பழையபடி துருத் தண்ணி குடிப்போம்.”

“சுரண்டினா தூள் பறக்கும். அந்தத் தூளும் அதுதான். ஆஸ்பத்திரியில பிள்ளை தலை சாஞ்சு கெடக்கு. இன்னும் என்ன குடுக்கணும் அவளுக்கு?”

தகட்டைக் கீழே போட்டான். கல்லின்மேல் உட்கார்ந்தான். காலை முதல் பாகு கொதிக்கிற சூட்டில் நின்றவன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “நல்லதுக்குத்தான் பூசினேன்,” என்றான்.

“நானும் நல்லதுக்குத்தான் சுண்ட வச்சேன்.”

ஆனெத்தின் புருஷன் செர்ஜ் வேலி ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். தொண்டையைக் கனைத்தான். “சாமி, உனக்கு வேண்டாம்னா எனக்குக் குடு. நாங்க குடிக்கமாட்டோம். ஆட்டுக்கு, செடிக்கு. இந்த வறட்சியில இரும்புத் தொட்டி எவன் தருவான்?”

தப்பான கேள்வி இல்லை. வேதநாயகிக்கே அது புரிந்தது. ஆட்டுக்கு என்று போகும்; குழாய் ஒரு வாரம் வராவிட்டால் சட்டி கழுவப் போகும்; அப்புறம் ஒருநாள் யாராவது தேநீர் வைப்பார்கள். தாகம் எடுத்தவனிடம் தொட்டியைக் கொடுத்துவிட்டுக் குடிக்காதே என்று சொல்ல முடியுமா? அவள் புருஷனைப் பார்த்தாள். அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சுவாமிநாதன் எழுந்து உளியும் பெரிய சுத்தியலும் எடுத்துவந்தான். “தள்ளி நில்லு, செர்ஜ்.”

“எவ்வளவு பாடுபட்டுக் கொண்டாந்தது, சாமி...”

“தெரியும்.”

முதல் அடி கோயில் மணி மாதிரி தெருவெங்கும் கேட்டது. வாளிக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கலைந்தார்கள். சிலர் திட்டிக்கொண்டே போனார்கள். அடிப்பக்கம் ஓர் ஓட்டை விழுந்தது. மிச்சத் தண்ணீர் அதன் வழியே பீய்ச்சி அவன் காலை நனைத்தது. நகர்ந்து நின்று அடுத்த ஓட்டைக்கு உளியை வைத்தான். பழைய இரும்பு, லேசில் விடவில்லை.

“எப்ப விடுவாங்களாம் அவள?” திரும்பாமலே கேட்டான்.

“தொட்டி இல்லன்னு போய்ச் சொன்னா, அப்புறம் பார்க்கலாம்னாங்க.”

“நாளைக்குச் சொல்லிடு.”

“நாளைக்கு எனக்கு லீவு தரமாட்டாங்க. இன்னைக்கே கெஞ்சித்தான் வாங்கினேன்.”

“நான் போறேன்,” என்று சொல்லிவிட்டுச் சுத்தியலை ஓங்கினான்.

வேதநாயகி இரண்டு வாளிகளையும் ஒரு பிளாஸ்டிக் கேனையும் எடுத்துக்கொண்டாள். பெரிய சாலையில் தண்ணீர் லாரி வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வருமோ வராதோ. காலில் செருப்பு ஏற மறுத்தது, பாதம் வீங்கியிருந்தது. செருப்பை வாளிக்குள் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள். ஆனெத்தும் தன் வாளியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.