சீட்டுத் துணி

ஏரியில் மீன்பிடிக்கும் இடத்தைப் பாடு என்போம். எந்தப் பாட்டில் யார் வலை போடுவது என்பதை எங்கள் ஊரில் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வோம். அந்தச் சீட்டுகளைக் கொட்ட வெள்ளைத் துணி விரிக்கும் உரிமை எங்கள் வீட்டுடையது. துணியில் ஒரு புள்ளிகூட இருக்கக்கூடாது. ஒருமுறை கறைமேல் விழுந்த சீட்டு செல்லாது என்று ஊரே அடித்துக்கொண்டது. அன்றுமுதல், கறைபட்டால் உரிமை தருமன் வீட்டுக்குப் போகும் என்பது கட்டுப்பாடு. துணியை மாற்றவும் முடியாது. ஊரார் கண்ணெதிரே தைத்த நூல் அடையாளம் மூலையில் இருக்கிறது.

குலுக்கலுக்கு முந்தைய நாள் காலை அதை அலசிக் கொடியில் போட்டிருந்தோம். பக்கத்தில் மருமகள் மாலாவின் புது அரக்குச் சேலை ஈரமாகத் தொங்கியது. காற்று அதைத் தூக்கித் துணிமேல் போட்டுவிட்டது. நான் பார்த்தபோது உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு.

மாலா பதறவில்லை. பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்தாள். மதியத்துக்குள் நிறம் பாதி வெளுத்தது. பொழுதுசாயும்வரை யாரும் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டு மீன் விற்கப் போனாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த வழியாகப் போன தருமன் வேலிக்கு வெளியே நின்றான்.

"இன்னாண்ணே, சீட்டுத் துணி காஞ்சிச்சா? இல்ல, எங்கூட்டுத் துணிய எடுத்து வைக்கட்டா?"

அவன் சிரித்துக்கொண்டே போனதும் அடுப்பைப் பற்றவைத்தேன். குண்டானில் கொதித்த தண்ணீரில் ஆப்பசோடாவைக் கொட்டி, துணியை அமுக்கினேன்.

மாலா திரும்பி வந்து குண்டானையே பார்த்தாள்.

"சுடுதண்ணியிலயா போட்டீங்க மாமா? சாயம் புடிச்சிக்குமே."

அந்தக் காலத்துப் பருத்தி வலைக்குப் பட்டைச் சாயம் ஏற்றும்போது என் நைனா கொதிக்கும் அண்டாவில்தான் முக்குவார். சாயம் போகாமலிருக்கத்தான் அந்தக் கொதி. பக்கத்தில் நின்று கிளறியவன் நான். தெரிந்த கைதான் இதையும் செய்தது.

பிறகு தயிர், ஷாம்பு, பற்பசை என்று எதையெல்லாமோ தேய்த்தோம். சிவப்பு அசையவில்லை. மாலா தடுத்தும் கேளாமல் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினேன். கறை பழுத்த மஞ்சளானது. பிழிந்தபோது அந்த இடம் விரல் நுழையும் அளவுக்கு இற்றுவிட்டது.

மாலாவின் சேலையால் வந்த வினை என்று ஊரில் சொல்லிவிடலாம் என்றான் மகன் இளவழகன். வீட்டுப் பெண்ணைக் காட்டித் தப்பிக்கும் வழக்கம் நம் வகையறாவில் கிடையாது என்று அவன் வாயை அடைத்தேன்.

மறுநாள் காலை ஊர்க்கூட்டத்தில் எல்லாரும் பார்க்கத் துணியைப் பிரித்துக் காட்டினேன்.

"சேலைச் சாயம் பட்டுச்சு. போயிட்டிருந்த கறைய சுடுதண்ணியில போட்டுக் கெடுத்தது நான்தான்."

யாரும் கேலி பேசவில்லை. பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். தருமன் வீட்டுத் துணி வந்தது. அவன் மகன்கள் விரித்தார்கள். ஒரு மூலை சரியாக விரியாமல் சுருண்டிருந்தது. பழக்கத்தில் குனிந்து அதை இழுக்கப் போனேன். தருமன் என் கையைப் பிடித்து மெல்ல விலக்கினான்.

"நீ ஒக்காருண்ணே. நாங்க பாத்துக்கறோம்."

உட்கார்ந்தேன்.