குடை வந்த வழி

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்தவளுக்கு மேலாளர் நாற்காலியின் மேல் ஒரு கண். அதற்கு, பல்கலைக்கழகம் ஆன்லைனில் நடத்தும் ஆறு வாரச் சான்றிதழ் ஒன்று வேண்டுமாம். ‘உலக விழிப்புணர்வும் பகுப்பாய்வுத் திறனும்’. உள்ளறை அலறல்களுக்கு நடுவே மதிய இடைவேளைகளில் படித்து, ஐந்து வாரத்தை ஓட்டிவிட்டாள்.

கடைசி வாரத்துக்கு ஒரு கட்டுரை. வீட்டிலுள்ள ஒரு பொருள் எந்தெந்த நாடுகளைக் கடந்து வந்தது என்று ஆதாரத்தோடு எழுத வேண்டும்.

அவள் யோசிக்கவே இல்லை. அக்கா புருஷன் போன மாதம் வெளிநாடு போய்த் திரும்பி, வீட்டில் ஆளுக்கொரு குடை கொடுத்திருந்தார். “புயலே அடிச்சாலும் மடங்காது. அந்த ஊர்ச் சரக்கு!” என்று குடைக்கொரு பிரசங்கம் வேறு.

உறையின் அடியில் ஒரு துண்டுச் சீட்டு கிடந்தது. அதிலிருந்த தொலைபேசி எண்ணில் நாட்டுக் குறியீட்டைக் காணோம். அச்சுப்பிழை என்று நினைத்தபடி, ஆங்கிலத்தில் பேசத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அழைத்தாள்.

“யாரும்மா? குடை ரிப்பேரா? பஸ் டிப்போ பின்னாடி நீல கேட்டு. நேர்ல வாங்க, உடனே பாத்துடலாம்.”

மாடி ஜன்னலைத் திறந்தாள். நீல கேட் பளிச்சென்று தெரிந்தது. குடை கடந்து வந்தது மொத்தம் இரண்டு தெரு.

முடிவுக்கு வருமுன் எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும் என்பது மூன்றாம் வாரப் பாடம். மாலையே அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா குளியலறையில் இருந்தாள்.

“அத்தான், இந்தக் குடை எந்த நாடு?”

“ஏன், ஒழுகுதா?”

“டிப்போ பின்னாடி இருக்கிற நாடாமே?”

அத்தான் அவளைப் பால்கனிக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார். “மெதுவாப் பேசும்மா. வாங்கின சாமான் மொத்தத்தையும் அங்க டாக்ஸிலயே விட்டுட்டு ப்ளேன் ஏறிட்டேன். கண்ணாடியத் தொலைச்சதுக்கே உங்கக்கா ரெண்டு மாசம் பாட்டுப் பாடினா. வெறுங்கையோட எப்படி வர்றது, சொல்லு?”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கட்டுரையில் உள்ளதை உள்ளபடி எழுதி, கீழே சேர்த்தாள்: ‘தகவல் தந்தவர், குடும்ப அமைதி கருதி, பெயர் வெளியிட விரும்பவில்லை.’

பேராசிரியர் அதற்கு இரண்டு மதிப்பெண் வெட்டினார். ஆனாலும் சான்றிதழ் வந்தது, நாற்காலியும் வந்தது.

அக்கா விருந்துக்குக் கூப்பிட்டாள். சாப்பிடும்போது சான்றிதழை ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்தாள். “என்னங்க, நானும் இதைப் படிக்கலாம்னு பாக்கறேன்.”

அத்தானுக்குப் புரையேறியது. “உனக்கெதுக்கு இதெல்லாம்? வீட்டு வேலையே தலைக்கு மேல கிடக்கே!”

“காலைலயே சேர்ந்துட்டேன்” என்றாள் அக்கா, அவர் தலையில் தட்டியபடி.