சட்டையில் ஒட்டிய தூள்

மகளுக்கு மூச்சிரைப்பு வந்ததும், பாழாய்ப்போன பூனைதான் காரணம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அவள் உயிராக வளர்த்த பூனையை யாருக்கோ கொடுத்தோம். இரைப்பு குறையவில்லை.

அலர்ஜிக்கு டெஸ்ட் எடுத்தபோது, அவள் கையில் மரத்தூள் மருந்து வைத்துக் குத்திய இடம் மட்டும் தடித்தது.

“வீட்ல யாராவது தச்சு வேலை பாக்கறாங்களா?” என்றார் டாக்டர்.

என் கணவர் தலை குனிந்தார். பட்டறையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அவளைத் தூக்கிக் கொஞ்சுகிறவர்.

“அங்கேயே குளிச்சு, துணி மாத்திட்டு வாங்க. அதுக்கும் கேக்கலைன்னா தொழிலையே மாத்தணும்.”

குளித்துவிட்டுத்தான் வந்தார். அப்படியும் அவளுக்கு இரைத்தது. அவருக்கோ வேறு தொழில் தெரியாது. இன்று அவள் ஓடி வந்ததும் வாசலிலேயே பின்வாங்கினார்.

“கிட்ட வராதேம்மா.”

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“பூனை மாதிரி அப்பாவையும் யாருக்காச்சும் குடுத்துடுவியாம்மா?”