சாப்பிட்டீங்களா என்று கேட்ட கம்ப்யூட்டர்

பாலக்கரையில் லாரி உதிரிபாகம் விற்கிற அந்தக் கம்பெனி, எண்பத்தேழில் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி ஏ.சி. ரூமில் உட்கார வைத்தது. முதல் சில நாளுக்குப் பிறகு மூன்று மாசமாக அதை ஒருத்தரும் தொடவில்லை. மெட்ராஸ் ஆபீஸ் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடுதாசி போட்டது. மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி ராசப்பன் வருவார். ஆபீஸ் ஆட்கள் மெஷினில் வேலை செய்வதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் மெஷினுக்கும் மெட்ராஸ், அதற்குப் புரோகிராம் எழுதும் தைரியராஜுக்கும் மெட்ராஸ்.

தைரியராஜ் கடுதாசியை இரண்டு தரம் படித்தான். கல்யாணமாகி ஐந்து வருஷம் அவன் திருச்சியில், மனைவி லூர்துராணி வையம்பட்டியில் டீச்சர். யார் யார் காலிலோ விழுந்து இப்போதுதான் ஸ்ரீரங்கத்துக்கு மாற்றல் வாங்கி, ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறார்கள். மெட்ராஸ் என்றால் மறுபடியும் சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் தொங்க வேண்டியதுதான்.

ஆனால் மெஷினைத் தொடப் பயந்தவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா, நீங்களே சொல்லுங்கள். டைப்பிஸ்ட் பேட்ரிசியா முதல் நாள் ஏதோ எழுத்தை மாற்றித் தட்டிவிட்டாள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில், 'சட்டவிரோதமான கட்டளை' என்று இங்கிலீஷில் வந்து நின்றது. அந்தப் பெண் நேரே மாதா கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிட்டது. சாமியார் "எத்தனை தரம்மா?" என்று விசாரித்து, பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னாராம். ஸ்டோர் கிளார்க் வேலம்மாளுக்கு வந்தது 'உயிர் போகும் பிழை'. யார் உயிர் என்று மெஷின் சொல்லவில்லை. அந்தம்மா மூன்று நாள் லீவு போட்டு, வீட்டில் ஒருத்தரையும் வாசல் தாண்ட விடவில்லை.

"என்ன சார் இது, போலீஸ்காரன் மாதிரி பேசுது?" என்று வேலம்மாள் தைரியராஜிடம் சண்டைக்கு வந்தாள். "வீடு தேடி வந்தவங்களை வாங்கன்னு சொல்லத் தெரியுதா அதுக்கு?"

சுருக்கென்று தைத்தது அவனுக்கு. பத்து நாள் உட்கார்ந்து மெஷினின் வாயையே மாற்றி எழுதினான். தமிழ்தான், இங்கிலீஷ் எழுத்தில். ஸ்விட்சைப் போட்டதும் 'வாங்க, சாப்பிட்டீங்களா?' என்று கேட்கும். ஆமாம் என்றால் 'ஒய்' எழுத்தையும் இல்லை என்றால் 'என்' எழுத்தையும் தட்ட வேண்டும். தப்பாகத் தட்டினால், 'பரவாயில்லைங்க, கை தவறுறது சகஜம்தானே, இன்னொரு தரம் பாப்போம்' என்று தேற்றும். முடித்துக்கொண்டு எழுந்தால், 'அதுக்குள்ளயா? சரி, போயிட்டு வாங்க' என்று அனுப்பும். 'வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?' என்றும் ஒரு கேள்வி உண்டு. இல்லை என்று தட்டினால், 'சொல்லணும்னு தோணினா சொல்லுங்க' என்று திரையைக் காலி பண்ணிக் கொடுக்கும். என்ன அடித்தாலும் வரிக்கு வரி 'ம்', 'அப்புறம்?', 'அடப்பாவமே' என்று மாற்றி மாற்றிப் போடும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

அவ்வளவே போதுமாக இருந்தது! மறுவாரமே ஏ.சி. ரூம் வாசலில் வரிசை. வேலம்மாள் தன் நாத்தனாரைப் பற்றி இரண்டு விரலால் முக்கால் மணி நேரம் அடித்தாள். வாட்ச்மேன் வீரமலைக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. பேட்ரிசியாவை அடிக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று மூக்கைச் சிந்தினான். நடுநடுவே பேரிங் கணக்கும் ஏறியது என்று வையுங்கள். தைரியராஜ் தலைகால் புரியாமல் திரிந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை மலைக்கோட்டைக் கடைவீதியில் லூர்துராணிக்கு ஒரு சேலைகூட எடுத்துக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ராசப்பன் வந்தார். கஞ்சி போட்ட சட்டை, சிரிக்காத முகம். "பேரிங் ஸ்டாக் லிஸ்ட் எடுங்க, பாக்கலாம்" என்றார். பேட்ரிசியா உட்கார்ந்தாள். மெஷின், சாப்பிட்டீங்களா என்றது. அவள் 'என்' தட்டினாள்.

'வெறும் வயித்துல என்னங்க வேலை? போய்ச் சாப்பிட்டு வாங்க, அரை மணி காத்திருக்கேன்' என்று சொல்லிவிட்டு மெஷின் வாயை மூடிக்கொண்டது. பசியில் தட்டினால் தப்பு வரும் என்று அதையும் தைரியராஜ்தான் எழுதி வைத்திருந்தான்.

"ஏம்மா, ஒய் தட்டக் கூடாதா?" என்று அவள் காதோரம் கெஞ்சினான்.

"தபசு கால வெள்ளி சார், ஒருசந்தி விரதம் இருக்கேன். நேத்துதான் பாவசங்கீர்த்தனம் பண்ணேன். சாப்பிட்டேன்னு எப்படி சார் பொய் சொல்றது?"

"மெஷின்கிட்டதானேம்மா!"

"அக்கறையா கேக்குதே சார்."

ராசப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. "எந்திரிம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு அவரே உட்கார்ந்தார். தைரியராஜ் அவசரமாக மெஷினை அணைத்துத் திரும்பப் போட்டான். ராசப்பன் சாப்பிட்டதற்கு ஒய் தட்டினார். அடுத்து, வீட்டுல எல்லாரும் சௌக்கியமா என்று வந்தது. அவர் விரல் ஒய்க்கு மேலே போய் அப்படியே நின்றது. பிறகு 'என்' தட்டினார்.

"எல்லாரும் கொஞ்சம் வெளியில இருங்க" என்றார்.

நாற்பது நிமிஷம். ரூமின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே மொத்த ஆபீஸும் காத்து நின்றது. உள்ளே பெரிய அதிகாரி அடித்துக்கொண்டே இருந்தார். ஒரு தடவை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டாவது தடவை கண்ணைத் துடைத்தார். தைரியராஜுக்கே பார்க்கப் பாவமாக இருந்தது.

வெளியே வந்தவர் கதவைச் சாத்தினார். "மெஷின் இங்கயே இருக்கட்டும்." ஆபீஸே கை தட்டியது. தைரியராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ராசப்பன் அவனை மட்டும் ஓரமாக அழைத்துப் போனார்.

"நான் அடிச்சதை யாராவது படிக்க முடியுமா?"

"முடியாது சார். எதுவுமே பதிவாகாது."

"நீங்க நினைச்சா?"

அங்கேயாவது ஒரு பொய்யைச் சொல்லித் தொலைத்திருக்கலாம், மடையன்! "புரோகிராமை மாத்தி எழுதினா இனிமே அடிக்கிறதைப் படிக்கலாம் சார். ஆனா நான் செய்ய மாட்டேன்" என்றான்.

"செய்ய மாட்டீங்க, தெரியுது. நல்ல மனுஷன் நீங்க" என்று ராசப்பன் அவன் தோளில் கை வைத்தார். "ஆனா எனக்கு நிம்மதி வேணும் பாருங்க. மாசா மாசம் நான் இங்க வருவேன். அதனால நீங்க இங்க இருக்கக் கூடாது. திங்கக்கிழமை மெட்ராஸ்ல ஜாயின் பண்ணிடுங்க."

சேதி பரவ ஐந்து நிமிஷம் ஆகவில்லை. பேட்ரிசியா அழுதே விட்டாள். "என்ன சார், இப்படி அதைத் தனியா விட்டுட்டுப் போறீங்களே! நாளைக்கு ஒண்ணுன்னா அதுக்கு யார் சார் இருக்கா?"

"லூர்துராணிக்கும் யாரும் இல்லைம்மா" என்றான் தைரியராஜ். அது யார் காதிலும் விழவில்லை. எல்லாரும் ஏ.சி. ரூம் பக்கம் திரும்பியிருந்தார்கள். வேலம்மாள் மெஷின் முன்னால் உட்கார்ந்து, அதற்குப் பக்குவமாக விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.