ஐஸ் பெட்டிக்கு வைத்த பொட்டு

இன்சூரன்ஸ் சர்வேயர் தெய்வநாயகத்துக்கு மூக்கு கொஞ்சம் நீளம். முகத்தில் அல்ல, குணத்தில். இடிபட்ட காரைப் பார்த்து, சேதத்தை எழுதிக்கொண்டு போனால் அவர் வேலை முடிந்தது. அவரோ டிக்கியைத் திறந்து பார்க்காமல் ஒருநாளும் கிளம்பியதில்லை.

தவளக்குப்பம் ஒர்க்‌ஷாப்பில் நின்ற சுகன்யாவின் காருக்கு முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. பாகூர் ஏரிக்கரையில் குறுக்கே வந்த ஆட்டுக்காக ஒடித்துத் திருப்பி, புளியமரத்தில் விட்டிருக்கிறாள். டிக்கியில் ஒரு நீல ஐஸ் பெட்டி.

"இது இன்னாம்மா?"

"பிக்னிக் பொட்டி சார். புள்ளைங்களோட பீச்சுக்குப் போனா ஜூஸ் வச்சிக்கினு போவோம்."

பதில் மளமளவென்று வந்தது. ஆனால் பெட்டியின் மூடியில் காய்ந்த சந்தனமும் அதன்மேல் குங்குமமும் இருந்தன. போன மாதம்தான் ஆயுத பூஜை. காருக்குப் பொட்டு வைப்பார்கள், அரிவாள்மணைக்கு வைப்பார்கள், தையல் மெஷினுக்கு வைப்பார்கள். ஜூஸ் பெட்டிக்கு எந்த மகராசி வைப்பாள்? சோறு போடுகிற சாமானுக்குத்தானே பொட்டு!

"ஜூஸுக்கா பொட்டு வச்சீங்க?" என்று சிரிக்காமல் கேட்டார்.

சுகன்யாவின் முகம் வெளிறிப்போனது. வில்லியனூரில் ஒரு லேபுக்காகத் தினமும் காலையில் ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்து, இந்தப் பெட்டியில் கொண்டுபோய்க் கொடுக்கிறவள் அவள். பாலிசி சொந்த உபயோகத்துக்கு மட்டும் எடுத்தது, வேலைக்கு ஓட்டுவதைப்பற்றி மூச்சு விடாதே, இல்லாவிட்டால் க்ளெய்ம் கிடைக்காது என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள்.

"கார் இல்லன்னா வேற ஆளப் போட்டுக்குவோம்னு லேப்புல சொல்ட்டாங்க சார். பயத்துல வாய்க்கு வந்தத சொல்ட்டேன்." கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

தெய்வநாயகத்துக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் என்பதற்காக ரிப்போர்ட்டில் பொய் எழுத முடியுமா? ஆனாலும் அவருக்குள் குடைச்சல் விடவில்லை.

"இடிச்சது இன்னா கெழம?"

"ஞாயித்துக்கெழம சார். லேப்பு லீவு. நெட்டப்பாக்கத்துல நாத்தனா மவளுக்குக் காது குத்து. திரும்பி வரச்சொல்லத்தான் இடிச்சிட்டேன்."

"பொட்டி?"

"காலிப் பொட்டிதான் சார். எறக்கி வைக்க மறந்துட்டேன்."

போனை எடுத்துக் காட்டினாள். காது குத்துப் பத்திரிகையில் அதே தேதி. போட்டோவில் பட்டுப்புடவையோடு அவள்.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அன்னிக்கு சொந்த வேலையாத்தானம்மா போயிருக்கீங்க! உண்மையச் சொன்னாவே நிக்கிற கேஸுல யாராவது பொய் சொல்லுவாங்களா? லேபுக்கு ஓட்டறதையும் எழுதறேன், காது குத்துக்குப் போனதையும் எழுதறேன். முடிவு கம்பெனியோடது. எனக்குத் தெரிஞ்சு பாஸ் ஆவும். ஆனா இனிமே வேலைக்கு ஓட்டறதா இருந்தா, முன்கூட்டியே கம்பெனிக்கு எழுதிக் குடுத்து பாலிசியில சேத்துக்குங்க."

சுகன்யாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. வெளியே நின்ற அவருடைய காரை எட்டிப் பார்த்தாள்.

"தினமும் சர்வேக்கு இந்தக் கார்லதான் போவீங்களா சார்?"

"ஆமாம்மா. சொந்தக் கார்" என்றார் பெருமையாக.

"அப்ப நீங்க எழுதிக் குடுத்துட்டீங்களா சார்?"

அவள் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

தெய்வநாயகம் தன் காரைத் திரும்பிப் பார்த்தார். இருபது வருஷமாக ஊரார் டிக்கியை எல்லாம் திறந்து பார்த்த மனுஷன். அவர் காரின் முன்சீட்டில் லேப்டாப் பை கிடந்தது. ஆயுத பூஜைக்கு அவர் மனைவி வைத்த பொட்டு அதில் இன்னும் அழியவில்லை.