சூடேறும் சாமான் சொருகக் கூடாது

வேனைக் கொடுக்கும்போதே பாலாஜி படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். பழைய டிராவலர் வேன்களை வாங்கி, உள்ளே கட்டில், ஏசி, சிங்க் எல்லாம் பொருத்திக் கேரவனாக்கி ஓசூரில் வாடகைக்கு விடுகிறவன் அவன்.

"அக்கா, மாமாவோட ஆக்சிஜன் மெஷின் ஓடறப்ப ஏசி வேணும்னா போட்டுக்கோங்க. அதுக்கு மேல சூடேறுற சாமான் எதையும் சொருகாதீங்க. கெட்டில், அயர்ன் பாக்ஸ், முடி காயவைக்கிற மெஷின் எதுவும் கூடாது. இன்வெர்ட்டர் தாங்காது."

பொற்கொடிக்கு இதை இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை. உதிரிபாகக் கம்பெனியில் பதினோரு வருடமாகப் பிரஸ் மெஷின் ஓட்டுகிறாள். அங்கே மெஷினை ரிப்பேருக்கு நிறுத்தினால் ஸ்விட்சில் ஒரு சிவப்பு அட்டையை மாட்டுவார்கள். மாட்டியவர் பெயர் அதில் இருக்கும். அவரே வந்து எடுக்கும்வரை முதலாளியானாலும் தொடக் கூடாது. அப்படி ஓர் அட்டையைக் கேட்டு வாங்கிவந்து, தன் பெயரை எழுதி, வேனில் காலியாக இருந்த பிளக் பாயிண்டில் தொங்கவிட்டாள். கம்பெனி மரியாதை நாத்தனார் ஊரான சிங்காரப்பேட்டையிலும் செல்லும் என்று நம்பினாள், பாவம்.

அவள் கணவன் பிரதாப்புக்கு நாற்பத்து மூன்று வயது. வார்ப்புப் பட்டறையின் மணல் தூசி அவன் நுரையீரலைத் தின்றுவிட்டது. மூக்கில் குழாய் இல்லாமல் ஐந்து நிமிடம் தாங்க மாட்டான். ஆனால் தங்கை அருணாவின் மகள் கவிப்ரியாவுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீரோடு வந்து முதல் மாலையைப் போட வேண்டாமா? "செத்தாலும் போவன்" என்று ஒற்றைக் காலில் நின்றான். இரண்டு காலில் நிற்கவே தெம்பில்லாதவனுக்குப் பிடிவாதத்தில் மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை. அதனால்தான் இந்த வேன்.

மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தால், காலையிலிருந்து ஊரில் கரண்ட் இல்லை. பராமரிப்பு வேலையாம், சாயங்காலம்தான் வருமாம். மண்டபத்தில் ஜெனரேட்டரும் கிடையாது. சீர்த்தட்டில் இருந்த பட்டுப்புடவை வரும் வழியில் பழக்கூடைக்கு அடியில் மாட்டிக் கசங்கியிருந்தது. அதையும் ஓர் அயர்ன் பாக்ஸையும் தூக்கிக்கொண்டு அருணா வேனில் ஏறினாள். பின்னாலேயே அவள் மாமியார் ஜோதியம்மாளும் ஏறினாள்.

"அண்ணி, ரெண்டே இழுப்பு. மாமன் புடவைய கட்டிக்கினுதான் பொண்ணு மணையில ஒக்காரணும்."

"வேணாம் அருணா. அண்ணன் மெஷின் நின்னுடும்."

ஜோதியம்மாள் சிவப்பு அட்டையை விரலால் தட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா இது? சீர் கொண்டாந்த வண்டியில பேரு எழுதி மாட்டி வச்சிருக்கீங்க. நாங்க இன்னா திருடவா வந்தோம்?"

அருணாவின் முகம் செத்துப்போனது. மாமியார் முன்னால் பிறந்த வீட்டின் மானம் போனால் எந்தப் பெண்தான் பொறுப்பாள்? பிரதாப் அதைப் பார்த்துவிட்டான். கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டி அட்டையைக் கழற்றினான்.

"நீ தேச்சிக்கோம்மா. ரெண்டு நிமிஷத்துல ஒண்ணும் ஆயிடாது."

"ஏங்க, பாலாஜி அவ்ளோ சொன்னானே..."

"சும்மா இரு பொற்கொடி."

கம்பெனியில் இப்படி ஒருவன் அட்டையைக் கழற்றியிருந்தால் அவள் ஷெட்டே அதிரக் கத்தியிருப்பாள். இங்கே அவள் மருமகள், நாத்தனாருக்கு அண்ணி. ஏசியையாவது அணைத்துவிடலாம் என்று எழுந்தாள். அதற்குள் அருணா சொருகிவிட்டாள்.

சீட்டுக்கு அடியில் டப்பென்று ஒரு சத்தம். கருகல் வாடை வந்தது. ஏசி நின்றது. ஆக்சிஜன் மெஷினும் நின்று, கீகீ என்று அலற ஆரம்பித்தது.

மேடைக்குப் போய்வரும் நேரத்துக்கென்று சின்ன சிலிண்டர் ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். ஒரு மணி நேரம் வரும். பொற்கொடி அதைத் திறந்து குழாயை மாட்டிவிட்டு, பாலாஜிக்குப் போன் போட்டாள்.

"இன்வெர்ட்டரே போயிருக்கும்க்கா. நான் வேற எடுத்துக்கினு வந்தாலும் ரெண்டரை மணி நேரம் ஆவும்."

நூற்றெட்டு வந்து சேரவே முக்கால் மணியாகும் என்றார்கள். வேனிலேயே கிளம்பினால் ஊத்தங்கரை ஆஸ்பத்திரி அரை மணி நேரம்.

"இப்பவே போயிடலாங்க. ஒங்க கால்ல விழறன்."

"மாலைய போட்டுட்டு வந்துடறன். அதுக்குத்தான வந்தன்."

நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் மேடையில் வைத்தார்கள். சீர்த்தட்டுகள் ஒவ்வொன்றாக ஏறின. இருபத்தொரு தட்டையும் எண்ணி வரிசையாக அடுக்கி முடிக்கும்வரை யாருக்கும் அவசரமில்லை. அருணா அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு பெண்ணை அழைத்துவந்தாள். கவிப்ரியா அந்தக் கசங்கின புடவையைத்தான் கட்டியிருந்தாள். ஒருவர் கண்ணுக்கும் அந்தக் கசங்கல் தெரியவில்லை. இதற்காகவா என்று பொற்கொடிக்கு வயிறு எரிந்தது.

சிலிண்டரின் முள் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. இப்போது எழுந்தால்கூட ஊத்தங்கரை வரை வருமோ வராதோ. "போதுங்க, போட்டுட்டு வாங்க" என்று நாற்காலிக்குப் பின்னால் குனிந்து சொன்னாள். மேளச் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை.

போட்டோகிராபர் கேமராவை இறக்கினார். "சார், மூக்குல இருக்கிற டியூப மட்டும் ஒரு நிமிஷம் எடுத்துடறீங்களா? காலத்துக்கும் இருக்கப்போற போட்டோ."

பிரதாப் தங்கையைப் பார்த்தான், மருமகளைப் பார்த்தான். குழாயைக் கழற்றிப் பின்னால் நீட்டினான். பொற்கொடி அதை வாங்கிக்கொண்டாள். அதன் முனையிலிருந்து ஆக்சிஜன் அவள் உள்ளங்கையில் சீறி வீணாகிக்கொண்டிருந்தது.

"சார், மாலைய அப்படியே புடிங்க. இன்னொண்ணு."

அவன் தோள்கள் ஏறி இறங்கத் தொடங்கின. மாலையைப் பிடித்த கை ஆடியது. ஆனாலும் இறக்கவில்லை. முள் சிவப்புக் கோட்டை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது. பொற்கொடி குனிந்து, தன் கையாலேயே சிலிண்டரை மூடினாள்.

"கொஞ்சம் சிரிங்க சார்" என்றார் போட்டோகிராபர்.