நாலு கதவு வைத்த படம்

கட்டாத கட்டடத்துக்கு வெயில் அடிக்க வைப்பதுதான் என் வேலையாக இருந்தது. 2007-ல், சிவகாசியில், என்ஜினியர் சீனிவாசகம் சாரின் ஆபீஸ். சார் பிளான் போட்டுக் கொடுப்பார். கம்ப்யூட்டரில் அந்தக் கோடுகளைப் பிடித்து மேலே இழுத்தால் சுவர் எழும்பும். சுவரில் ஓட்டை போட்டால் ஜன்னல். பிறகு சுவருக்குப் பெயின்ட், தரைக்கு டைல்ஸ் என்று ஒவ்வொன்றாக ஒட்டி, ஒரு மூலையில் சூரியனை நிறுத்தி, எதிரே கேமராவை வைத்து, ரெண்டர் பட்டனை அமுக்கிவிட்டு நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். எந்த வெளிச்சம் எதில் பட்டு எங்கே நிழலாக விழும் என்று கணக்குப் பார்த்து, கட்டம் கட்டமாக ஆறு மணி நேரம் படம் வரும். ஐந்தே முக்கால் மணி நேரத்தில் கரண்ட் போகும். அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், வாயில் நல்ல வார்த்தை வராது.

கடைசியில் போட்டோஷாப்பில் வானம், மரம், ஆட்கள். ஆட்கள் ஒரு சிடியில் இருந்தார்கள், அத்தனை பேரும் வெள்ளைக்காரர்கள். காரியாபட்டியில் வரப்போகும் அரிசி மண்டி வாசலில் கோட்டு போட்ட வெள்ளைக்காரன் பெட்டியோடு நடந்து போவான். ஏன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

எங்கள் பக்கம் பிளான் என்பது அப்ரூவலுக்கு. கட்டுவதெல்லாம் படத்தைப் பார்த்துத்தான். கொத்தனார் மாரிசாமி அண்ணன் என் படத்தை லேமினேட் செய்து சாரத்தில் தொங்கவிட்டுவிட்டுத்தான் கரண்டியைக் கையில் எடுப்பார். ஆனைக்குட்டத்தில் ஒரு வீட்டுக்கு, சுவர் வெறிச்சென்று இருக்கிறதே என்று நான் சும்மா ஒரு வட்ட ஜன்னல் வைத்தேன். பிளானில் அது கிடையாது. அண்ணன் கட்டிவிட்டார். உள்ளே பார்த்தால் குளியலறை. சார் தலையில் அடித்துக்கொண்டு கத்த, "படத்துல இருந்துச்சுல்ல சார்" என்றார் அண்ணன், அமைதியாக. அந்த வீட்டில் இன்னமும் ஜன்னலில் துண்டைத் தொங்கவிட்டுத்தான் குளிக்கிறார்கள். அதற்குப் பிறகு நான் படத்தில் எதையும் சும்மா வைப்பதில்லை.

அந்த வருஷம் நாரணாபுரத்துப் பட்டாசு முதலாளி செந்தூர்பாண்டி, புது பேக்கிங் ஹால் கட்ட எங்கள் ஆபீஸுக்கு வந்தார். அவர் கம்பெனியில் வேலை பார்க்கும் எண்பது பெண்கள் உட்கார்ந்து பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் கட்டும் ஹால். அந்த எண்பதில் ஒருத்தி என் அம்மா முருகம்மாள். பிளானில் நீளச் சுவரில் நாலு கதவு இருந்தது. நானும் நாலையும் வைத்து, வெளிப்பக்கமாகத் திறந்த மாதிரி காட்டியிருந்தேன். முதலாளி மானிட்டரைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது, கோழிக்கூடு கணக்கா இருக்கு? நாலையும் எடு. ஒரே சுவரா பளபளன்னு இருக்கணும். முன்னால ஒரு வாசல் போதும்."

"பிளான்ல நாலு இருக்கே மொதலாளி."

"அது ஆபீசருக்கு. நாலு கதவு வச்சா நாலு பக்கமும் சரக்கு வெளிய போகும். உங்காளுகளப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அவர் போனதும் சார் சமாதானமாகச் சொன்னார். "படம்தானம்மா, எடுத்துரு. பிளான்லதான் கதவு இருக்குல்ல."

"மாரிசாமி அண்ணன் எதைப் பாத்துக் கட்டுவாரு சார்?"

சார் பிளானைச் சுருட்டினார். "வெள்ளிக்கிழம பூமி பூஜை. ஃப்ளெக்ஸ் வேணும்" என்று மட்டும் சொன்னார்.

என் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. எட்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா வேலை பார்த்த வேறொரு கம்பெனியில் முன்வாசல் பக்கம் தீப்பிடித்தது. பின்கதவில் எப்போதும் வெளியே கொண்டி மாட்டிப் பூட்டு தொங்கும். அன்றைக்கு லோடு ஏற்ற வந்தவர்கள் அதைத் திறந்துபோட்டிருந்தார்கள். லோடு ஒரு மணி நேரம் தாமதமாக வந்திருந்தால் எனக்கு அம்மா இல்லை. உள்ளே இருப்பவர்கள் திருடுவார்கள் என்றுதான் அங்கேயும் பூட்டினார்கள். அதே பேச்சை இன்னொருத்தர் என் முன்னால் நின்று, என் கம்ப்யூட்டரைக் காட்டிச் சொல்கிறார். கதவை எடுப்பதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் ஆபீஸ் கேமராவை எடுத்துக்கொண்டு, கம்பெனி வேன் வந்து நிற்கும் இடத்துக்குப் போனேன். இறங்கிய பெண்களை ஒவ்வொருத்தராக நடக்கச் சொல்லி எடுத்தேன்.

"ஏட்டி, எதுக்கு இது? பொண்ணு பாக்கவா வாராக?" என்றாள் அம்மா.

"கையில தூக்குவாளியோட அப்படியே நட. சிரிக்காத."

"சிரிக்காம எப்படிட்டி நடக்க?" என்று சிரித்துக்கொண்டே நடந்தாள். அந்தப் படத்தைத்தான் வைத்தேன். வெள்ளைக்காரர்கள் அத்தனை பேரையும் அழித்துவிட்டு, நாலு கதவிலிருந்தும் எங்கள் பெண்கள் வெளியே வருகிற மாதிரி, ஒவ்வொருத்தர் காலடியிலும் வெயிலுக்குச் சரியாக நிழலை விழவைத்தேன். மூன்றாவது கதவில் அம்மா, ஒரு கால் வெளியே. ஃபைலை சிடியில் போட்டு நானே ஃப்ளெக்ஸ் கடையில் கொடுத்தேன். சார் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை வடக்கே இருந்து வந்த டீலர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். கம்பெனியில் வேலையை நிறுத்தி, பேக்கிங் பெண்கள் எண்பது பேரையும் கூட்டி வந்திருந்தார்கள். ஐயர் தேங்காய் உடைத்ததும் ஃப்ளெக்ஸை மூடியிருந்த துணியை இழுத்தார்கள். பதினைந்தடி உயரம்.

"ஏ, அது நானு!" என்றது ஒரு குரல். பிறகு கூட்டமே ஃப்ளெக்ஸ் முன்னால் போய்விட்டது. அவரவர் தங்களைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அம்மா மட்டும் தன்னைப் பார்க்கவில்லை, கதவுகளைப் பார்த்தாள். பிறகு நேரே முதலாளியிடம் போய்க் கும்பிட்டாள்.

"நாலு கதவு வச்சிருக்கீக மொதலாளி. உங்க பிள்ள குட்டி நல்லா இருக்கணும்."

பின்னாலேயே எழுபத்தொன்பது பேரும் கும்பிட்டார்கள். டீலர் ஒருத்தர் கேமராவைத் தூக்கினார். முதலாளி சிரித்தே ஆக வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துச் சிரித்தபடி சார் பக்கம் திரும்பி, "எவ பாத்த வேலை இது?" என்றார்.

சார் வாயைத் திறக்கும் முன் நான் முன்னால் போய் நின்றேன்.

"நான்தான் மொதலாளி. கதவ எடுக்கணும்னா மைக்கு அங்கன இருக்கு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லிட்டு எடுங்க."

அவர் மைக்கைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். மைக் பக்கம் போகவில்லை. மாரிசாமி அண்ணன் அதற்குள் ஃப்ளெக்ஸின் நாலு மூலைக் கயிற்றையும் அவிழ்த்துச் சுருட்டி, தோளில் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலமே எனக்கு வேலை போனது. சார் வருத்தப்பட்டார். நான் வருத்தப்படவில்லை என்று சொன்னால் பொய். அந்தக் கம்ப்யூட்டரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஒரு காலண்டர் பிரஸ்ஸில் சேர்ந்து, சாமி படங்களுக்குக் கலர் திருத்த ஆரம்பித்தேன்.

நாலு மாதம் கழித்து மாரிசாமி அண்ணன் போன் செய்தார்.

"தாயி, கதவு நாலும் மாட்டியாச்சு. படத்துல உள்ளபடியே, வெளிய பாத்துத் தெறக்கும். ஒரு சந்தேகம். வெளிப்பக்கம் பூட்டுக்குக் கொண்டி வைக்கச் சொல்லுதாரு மொதலாளி. நானும் உத்து உத்துப் பாக்கேன், படத்துல கொண்டியக் காணோம்."

"படத்துல இல்லையாண்ணே?"

"நாலு கதவுலயும் இல்ல."

"அப்ப வைக்காதீக."

அந்தப் பக்கம் கலவை அள்ளும் சத்தம் கேட்டது.

"சரி தாயி," என்றார். "கேட்டா படத்தக் காட்டிக்கிடுதேன்."